வாசகர் கேள்வி–பதில்: எழுதுவது இன்று, வெளியிடுவது என்று?

இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்லியிருந்தோம். அதைத் தொடர்ந்து டெல்டா மாவட்டங்களிலிருந்து இதே பொருளில் கடிதங்கள் வந்துகொண்டே இருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கி ஊரை மட்டும் வைத்திருக்கிறோம். ஒரு கடிதத்தில் ஊரையும் நீக்க வேண்டியிருந்தது.

கேள்வி: பள்ளிக்கூட வேலையில் சேர்ந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதி, பீரோவில் பூட்டி வைத்து வருகிறேன். இப்போது என் மகள், “அம்மா, இதை இணையத்தில் எழுதினால் நிறையப் பேர் படிப்பார்கள்” என்கிறாள். பிறர் பார்க்கக் கூடாது என்பதற்காக எழுதுவதை ஊரறிய எழுதுவது முரண் இல்லையா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருவையாறு

முரண் என்று முடிவு கட்டுவதற்கு முன், தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய நாட்குறிப்பை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி, 1761-இல் தாம் மறையும் வரை எழுதிவந்த குறிப்புகளில், கப்பல் வந்ததும் போனதும், சரக்கு விலையும், கவர்னர் துய்ப்ளேக்ஸ் தம்மிடம் பேசியதும், தமக்கு ஆகாதவர்களைப் பற்றிய குத்தலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அவை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சேறியது 1904-க்கும் 1928-க்கும் இடையில். அதற்குள் அவற்றில் பேசப்பட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை என்பதால், யாருக்கும் மனத்தாங்கல் வர வழியில்லாமல் போயிற்று.

இன்னொரு பக்கம், உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் இருக்கிறார். அவர் தம் வரலாற்றைப் பூட்டி வைக்கவில்லை. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார், 1942-இல் அவர் மறைந்தபோது அது முடிவு பெறாமலே நின்றது. குடும்பத்தின் வறுமையும், சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பட்ட பாடும் அதில் ஒளிவின்றி வருகின்றன. ஆனால், எழுதும்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். எழுதப்பட்டவையோ பெரும்பாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்தியவை.

ஒருவர் எழுதிப் பூட்டினார், மற்றவர் எழுதி உடனே அச்சுக்குக் கொடுத்தார். இருவர் விஷயத்திலும், நடந்ததற்கும் பிறர் அதைப் படித்ததற்கும் நடுவே நீண்ட காலம் கடந்திருந்தது. இணையம் செய்திருப்பது, அந்த இடைவெளியை ஒரு பொத்தானாகச் சுருக்கியதுதான். அமெரிக்காவில் ஜஸ்டின் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994-இல் தம் அன்றாட வாழ்க்கையை இணையத்தில் எழுதத் தொடங்கிய காலம் முதல் இன்றுவரை, இதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தப் பொத்தானைக் கோபத்திலோ துக்கத்திலோ அன்றிரவே அழுத்திவிடுவதால் வருபவை.

எனவே உங்களுக்கு நான் சொல்வது, பீரோவில் உள்ளதை அப்படியே இருக்க விடுங்கள். வழக்கம்போல் அதில் எழுதிக்கொண்டும் இருங்கள். அதிலிருந்து ஆறிப்போனவற்றை மட்டும் எடுத்து, புதிதாக எழுதி வெளியிடுங்கள். வானிலை, வகுப்பறை, சமையல், பயணம் போன்றவற்றுக்கு ஒரு வாரம் போதும். குடும்பம் சம்பந்தப்பட்டதற்கு ஒரு போகமாவது கழிய வேண்டும் என்பது என் கணக்கு. குறுவை நடவின்போது எழுதியதைச் சம்பா அறுப்பின்போது எடுத்துப் படித்தால், எந்த வரி நிற்கும், எந்த வரி அன்றைய ஆத்திரம் மட்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் விவசாயி. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நெல். மகன் கைப்பேசியில் தினமும் எழுதச் சொல்கிறான். எங்களுக்கு என்ன இருக்கிறது எழுத? மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். யாராவது படிப்பார்களா?
— விவசாயி, பேராவூரணி

இந்த இதழுக்கு வந்தவற்றில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்கள் கடிதம்தான். மேட்டூர் நிலவரம் நாள்தோறும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. 120 அடியில் இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்பதெல்லாம் பதிவாகிறது. வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாகவே 2022-இல் மே 24 அன்று அணையைத் திறந்தார்கள் என்பதையும், 2024-இல் ஜூலைக் கடைசி வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துவிடலாம். ஆனால், அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, உங்கள் பக்கத்தில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் இறங்கி, கிளை வாய்க்கால்களில் ஏறி இறங்கி, கடைமடையில் உள்ள உங்கள் வயலுக்கு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, அதற்கு முன் எத்தனை இரவு மதகடியில் காத்துக் கிடந்தீர்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நீங்கள் மாதிரிக்கு அனுப்பியிருப்பது இது: “இன்று தண்ணீர் வந்தது. மனதுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.” இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் படிக்கிறவருக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அதே தாளின் பின்பக்கத்தில், கணக்குக்கு நடுவே, யாருக்கும் இல்லை என்று நினைத்து எழுதியிருப்பது வேறு: “காலை ஆறரைக்கு முதல் தண்ணி. சருகு, நுரை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் முன்னால் உருண்டு வருது. பின்னால கணுக்கால் அளவு. வெடிப்புல இறங்கிச் சத்தம் போடுது. பதினொன்றுக்கு நின்னுபோச்சு. மேலக்காட்டுக்காரர் மடையை அடைக்கல. மண்வெட்டியோட போனேன்.” ஐயா, முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பின்பக்கத்தை வெளியிடுங்கள். திருத்தி ‘நல்ல தமிழ்’ ஆக்குகிறேன் என்று மகன் வந்தால் விடாதீர்கள். மேலக்காட்டுக்காரரை மட்டும் ‘மேலே உள்ளவர்கள்’ என்று பொதுவாக்கிவிடுங்கள். அடுத்த முறையும் அவர் மடையைத் தாண்டித்தான் உங்களுக்குத் தண்ணீர் வர வேண்டும்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எந்த ரகம், எங்கே வாங்கிய விதை, எத்தனையாம் நாள் நடவு, நடவுக்கு ஆள் கிடைத்ததா அல்லது இயந்திரமா, கூலி என்ன, என்ன பூச்சி, என்ன அடித்தீர்கள், அடித்தும் போகாதது எது என்று தொடங்கினால் ஓர் ஆண்டு போதாது. அறுத்த பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லைத் திரும்பக் கொட்டிக் காயவைக்கிறீர்கள். அப்போது மழை வருகிறது, தார்ப்பாய்க்கு அலைகிறீர்கள். இதை ஒருவர் தேதியோடு நாலைந்து ஆண்டுகள் எழுதினால், பக்கத்து ஊர்க்காரர் தம் குறிப்போடு வைத்துப் பார்ப்பார், வேளாண்மைக் கல்லூரி மாணவர் தேடி வருவார், உங்கள் பேரன் பிற்காலத்தில் படிப்பான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது எல்லாருக்கும் தெரியும். உங்கள் தோப்பில் எந்த மரம் வேரோடு சாய்ந்தது, எது நடுவில் முறிந்தது, எது நின்றது, நின்றது நெட்டையா குட்டையா, எந்த மூலையில் இருந்தது, எத்தனை நாளுக்குப் பிறகு மின்சாரம் வந்தது என்பவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள். மறுபடி கன்று வைக்கிறவர்களுக்கு அதைவிட உதவியான எழுத்து வேறில்லை. அது நடந்து ஆறியும் விட்டது. இனி காத்திருக்கத் தேவையில்லை.

தட்டச்சு சிரமமாக இருந்தால், தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி இப்போது சாதாரணக் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஊர்ப்பெயரையும் விவசாயச் சொற்களையும் அது கண்டபடி எழுதும்; ஒரு முறை படித்துத் திருத்தினால் போதும். சாகுபடிச் செலவை வெளியிடலாம். யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினீர்கள் என்பது மட்டும் வீட்டு நோட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: திருமணமாகிக் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறேன். மனப்பாரம் குறைய, மாமியார், கொழுந்தனார் பற்றியெல்லாம் இணையத்தில் எழுதி வந்தேன். யார் பெயரையும் எழுதவில்லை. உறவினர் ஒருவர் படித்துவிட்டு வீட்டில் சொல்லிவிட்டார், ஒரே ரகளை. நான் எழுதியது எல்லாம் உண்மைதானே? என் வாழ்க்கையை எழுத எனக்கு உரிமை இல்லையா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

உரிமை உண்டு. எவ்வளவு உண்டு என்பதில்தான் பேச்சு. முதலில் பெயர் எழுதாதது பற்றி. நீங்கள் அனுப்பியிருக்கும் பக்கங்களில், தேரடிக்குப் பக்கத்து வீதி, அரிசி மண்டி, இரண்டு மகன்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த இளையவர் என்று நான்கு விவரங்கள் இருக்கின்றன. இதற்கு மேல் உங்கள் ஊர்க்காரருக்குப் பெயர் எதற்கு? பெயரையும் எழுதியிருந்தால் வெளியூர்க்காரருக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது, உண்மை என்பது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே, அவதூறு குற்றமாக நீடிக்கிறது. எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் அதிலிருந்து தப்ப முடியாது. அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்பதும் சேர்ந்தாக வேண்டும். கொழுந்தனார் குடிக்கிறார் என்பதை ஊர் தெரிந்துகொள்வதில் பொது நன்மை இருக்கிறது என்று நிறுவுவது கடினம். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முற்பட்டபோது எழுந்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றே சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி முதலிய அந்தரங்கங்களை, பொது ஆவணங்களில் ஏற்கெனவே இடம்பெற்றவை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிப்படுத்தியது.

உங்கள் வீட்டில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். சட்டத்தைச் சொன்னதற்குக் காரணம், அது போட்டிருக்கும் கோடு இந்த இடத்தில் நியாயமான கோடு என்பதுதான். மாமியார் உங்களை நாலு பேர் முன்னால் பேசியது உங்களுக்கு நேர்ந்தது, அதை எழுதலாம். அவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, அவர் தம் மகளுக்கு யாருக்கும் தெரியாமல் என்ன கொடுத்தனுப்பினார் என்பவை அவருடையவை. கொழுந்தனார் குடித்துவிட்டு வந்த இரவில் நீங்கள் கதவைத் திறக்கப் பயந்தது உங்களுடையது. அவர் வேலை போனது அவருடையது. இந்த முறையில் பிரித்து எழுதினால் எழுத்து மெலிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பியவற்றில் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், இரவு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பதைச் சொல்லும் பக்கம்தான் இருப்பதிலேயே நன்றாக இருக்கிறது.

மகளின் மதிப்பெண்ணையும், அவள் வாங்கிய அடியையும், அவள் வயதுக்கு வந்த செய்தியையும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இன்றே நீக்கிவிடுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணால் இசைவு தர முடியாது. பத்து ஆண்டுகள் கழித்து அவள் பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் இது பட வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் அடி, மிரட்டல், வரதட்சணைப் பேச்சு எதுவும் இல்லை. ஒருவேளை எழுதாமல் விட்டிருந்தால், அது குடும்ப ரகசியக் கணக்கில் சேராது. மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். நடந்ததைத் தேதியும் நேரமும் போட்டு, இணையத்தில் அல்லாமல், உங்கள் கையில் மட்டும் இருக்கும் நோட்டில் எழுதி, நம்பிக்கையானவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நாட்குறிப்போடு புகைப்படமும் போடலாமா?
— வாசகர், நாகூர்

போடலாம். கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த இடம் படத்தோடு சேர்ந்து பதிவாகும், சில தளங்கள் அதை நீக்காமலே வெளியிடும். “குடும்பத்தோடு வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு வந்திருக்கிறோம்” என்ற படம் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற அறிவிப்பும் ஆகும். திரும்பி வந்து போட்டால் படம் ஒன்றும் பழசாகிவிடாது.

கேள்வி: தினமும் எழுதியே ஆக வேண்டுமா?
— கல்லூரி மாணவி, திருவாரூர்

வேண்டாம். தேதி மட்டும் சரியாக இருக்கட்டும்.

கேள்வி: என் தந்தையார் உரக் கம்பெனி டைரிகளிலும் எல்.ஐ.சி. டைரிகளிலும் 1962 முதல் எழுதி வைத்தவை என்னிடம் இருக்கின்றன. கும்பகோணத்தின் அந்தக் காலத்தைப் பற்றி அருமையான செய்திகள் உண்டு. இணையத்தில் ஏற்ற நினைக்கிறேன். தம்பி கூடாது என்கிறான். டைரி என்னிடம்தானே இருக்கிறது?
— வாசகர், கும்பகோணம்

டைரி உங்களிடம் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தின் உரிமை உங்களிடம் மட்டும் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலமான பிறகு, உயில் எதுவும் இல்லாவிட்டால், அது வாரிசுகள் எல்லாருக்கும் உரியது. ஆகவே தம்பியின் சம்மதமும், சகோதரிகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் வேண்டும். டைரிக்குள் செருகியிருக்கும் நண்பர்களின் கடிதங்கள் இன்னும் சிக்கலானவை. தாள் உங்களுடையது என்றாலும், எழுத்துரிமை கடிதம் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது.

தம்பி ஏன் தடுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பிய நகல்களைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. ‘இன்னாருக்குக் கைமாற்று 200, வட்டியில்லை’, ‘இன்னார் வீட்டு நகை நம் பீரோவில்’ என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் வருகின்றன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருப்பார்கள். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் அவதூறு ஆகும் என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்றாலும் எச்சரிக்கை நல்லது. கைமாற்றுப் பக்கங்களை விலக்கிவிட்டு, மகாமகக் குளக்கரைக் கூட்டம், பாத்திரக்கடை விலை, வெற்றிலைக் கட்டு விலை, சினிமாக் கொட்டகை, காவிரியில் தண்ணீர் வந்த நாள் ஆகியவை உள்ள பக்கங்களை முதலில் தட்டச்சு செய்து தம்பிக்குக் காட்டுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார். தந்தையாரின் எழுத்துப் பிழைகளை அப்படியே விடுங்கள். விளக்கம் தேவைப்பட்டால் கீழே தனியாக எழுதுங்கள், நடுவில் செருகாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக இணையத்தில் எழுதுகிறேன். சோகமாக எழுதினால் நிறையப் பேர் படிக்கிறார்கள். சாதாரணமாக எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. இப்போதெல்லாம் ஒரு விஷயம் நடக்கும்போதே, இதை எப்படி எழுதலாம் என்று மனம் ஓடுகிறது.
— வாசகி, மயிலாடுதுறை

அது எழுதுகிற எல்லாருக்கும் ஓடுவதுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது, படிப்பவர் எண்ணிக்கைக்காகச் சிறு வருத்தத்தைப் பெரிதாக்கி எழுதத் தொடங்கும்போது. மூன்று மாதத்துக்கு எண்ணிக்கை தெரியாதபடி மறைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் அதற்கு வழி இருக்கிறது. சாதாரண நாளை எழுதியதைப் படிக்கிற நாலு பேர்தான் கடைசி வரை உடன் வருகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். சோகத்துக்கு வருகிற கூட்டம் அடுத்த சோகத்தைத் தேடிப் போய்விடும்.

கேள்வி: 2004, 2005-இல் ஓர் இலவசத் தளத்தில் நிறைய எழுதினேன். இன்று அந்தத் தளமே இல்லை. கணினியில் இருந்த சில கோப்புகளைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. இனி எழுதுவதையாவது எப்படிக் காப்பாற்றுவது?
— வாசகர், காரைக்கால்

கணினியில் உள்ளவை அழியவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில், ஒவ்வொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தார்கள். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று தெரிந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் ஒட்டி, இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) கொண்டுவந்துவிடலாம். போன தளத்தின் முகவரி நினைவிருந்தால், 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். எல்லாம் இருக்காது, சில பக்கங்கள் அகப்படலாம்.

தளம் மறைவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. யாஹூ நடத்திய ஜியோசிட்டீஸ் 2009-இலும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. இரண்டிலும் கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்தன. ஆகவே எந்தத் தளத்தில் எழுதினாலும், மூலத்தை உங்கள் கணினியில் எழுதிச் சேமித்துவிட்டுப் பிறகு அங்கே ஏற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தளத்தின் ஏற்றுமதி வசதியைக் கொண்டு முழுவதையும் இறக்கி, தனி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முக்கியமானவற்றை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துப் பைண்டு செய்துவிடுங்கள். கடற்கரை ஊர் என்பதால் கரையானுக்கும் ஈரத்துக்கும் எட்டாத தட்டில் வைக்க வேண்டும்.

கணக்கையும் கவனியுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளையும் அவற்றில் உள்ள மின்னஞ்சல், கோப்பு, படங்களையும் நீக்கும் முறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. அதே நிறுவனத்தில், நீங்கள் கணக்கைப் பயன்படுத்தாமல் போனால் யாருக்குத் தகவல் தர வேண்டும், எதை ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. காலக்கெடுவை மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நீங்களே வைக்கலாம். பத்துப் பேர் வரை குறிக்கலாம். ஒருவரைக் குறித்தால் போதும். குறித்ததை அவரிடம் சொல்லியும் வையுங்கள். பூட்டி வைத்த பகுதியைத் திறந்து படிக்கலாமா, படிக்காமல் அழிக்க வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.